வாசிக்க இயலாத வட்டும் கணினியின் கருவும்

தான் அறியாத மொழியில் எழுதப்பெற்ற ஏட்டுச் சுவடியொன்றைக் கையிலெடுத்து, "இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லி அடுப்பிலிடுபவனை அறிவுடையோன் என்று எவரும் கூறார். குறை சுவடியிலன்று, வாசிப்பவனிடத்தே உள்ளது. ஆயினும் இக்காலத்தில் நம் இல்லங்களிலும் பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் இதனையொத்த செயல் அடிக்கடி நிகழ்கின்றது. கைத்தொலைபேசியிலிருந்து கழற்றிய நினைவட்டையையோ, பழைய கணினியிலிருந்து எடுத்த வன்றட்டையோ ஒரு கணினியிற் பொருத்துகின்றோம். கணினி, "இதனை வாசிக்க இயலவில்லை, புதிதாக வடிவமைக்கவா?" என வினவுகின்றது. அவசரத்தில் "ஆம்" என்று விடையிறுத்தோமாயின் அங்கிருந்தவற்றிற்கு வழிகாட்டும் குறிப்புகள் யாவும் அழிந்தொழிகின்றன.

வன்னிப் பெருநிலத்தில் வாழ்வோர்க்கு இவ்வினா மிகுந்த கனமுடையது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலும், அதற்கு முன்னர் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் இழந்த குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பமொன்றில் எஞ்சிய ஒரேயொரு படம், விரல்நுனியளவான நினைவட்டையொன்றில் இருத்தல் கூடும். அவ்வட்டையைக் கணினி வாசிக்கவில்லையெனில், அது வெறும் அட்டை என்பது பொருளன்று. அவ்வட்டையில் எழுதப்பட்ட முறை அக்கணினிக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே பொருள். அம்முறையை, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பணிசெயல் முறைமைக்கு, அதனை முழுவதுங் கலைத்துக் கட்டாமலே கற்பிக்கலாம். அது எங்ஙனம் என்பதை மாணாக்கரும் பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எவரும் மூலநிரலைப் பிரித்துப் பார்த்தற்கு உரிமையளித்துள்ள லினக்ஸ் முறைமையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. கருவும் கோப்புமுறையும்

பணிசெயல் முறைமையின் நடுவிலிருந்து நினைவகத்தையும் முறைவழியையும் வட்டுகளையும் ஆளும் பகுதியைக் கேர்ணல் என்பர். தமிழில் அதனைக் கரு என்று வழங்குவோம். கணினியிற் காணப்படும் ஏனைய நிரல்கள் யாவும் கருவினிடம் விண்ணப்பித்தே தமக்கு வேண்டியவற்றைப் பெறுகின்றன. நாம் ஒரு கடிதத்தைத் திறக்குமிடத்து, எழுத்துச் செயலி நேரே வட்டிற் சென்று தேடுவதில்லை. "இப்பெயருடைய கோப்பைத் தருக" என்று கருவையே வேண்டுகின்றது.

வட்டு என்பது இலக்கமிடப்பட்ட சிறு கட்டங்களின் நீண்ட வரிசை, வேறன்று. எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பின் எந்தப் பகுதி உளது, அதன் பெயர் யாது, அளவு யாது, எப்போது எழுதப்பட்டது என்னும் கணக்கை ஓர் ஒழுங்கில் எழுதி வைத்தாலன்றி அக்கட்டங்கள் பொருள்தரா. அவ்வொழுங்கே கோப்பு முறைமையாகும். அது பலவகைப்படும். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் ஈ.எக்ஸ்.ரி.4 என்னும் முறையையும், விண்டோஸ் கணினிகள் என்.ரி.எவ்.எஸ். என்னும் முறையையும் கையாளுகின்றன. சிறிய பேனா வட்டுகள் எவ்.ஏ.ரி. முறையிலும், 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவட்டைகள் பெரும்பாலும் எக்ஸ்-எவ்.ஏ.ரி. முறையிலும் வடிவமைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. ஒரு முறையை மட்டும் அறிந்த கருவிற்கு மற்றையது புரியாத மொழியாகும்.

2. பொது உடன்படிக்கை

பல முறைகளை ஒரு கரு அறிந்திருத்தல் வேண்டுமாயின், ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு முறையையும் கற்கவேண்டுமா? அவ்வாறாயின் எழுத்துச் செயலியை எழுதுபவர் எத்தனை வகை வட்டுகளுக்கு விடை சொல்வது? இச்சிக்கலைத் தீர்த்தவர்களுள் சன் மைக்கிறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். வலையமைப்பின் வழியாக வேறு கணினியிலுள்ள கோப்பையும், தன் வட்டிலுள்ள கோப்பையும் ஒரேவிதமாகக் கையாளும் தேவை 1980களின் நடுப்பகுதியில் அவர்களுக்கு எழுந்தது. அதன்பொருட்டு, எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவானதோர் இடைமுகத்தைத் தமது யுனிக்ஸ் கருவினுள் வகுத்தனர்.

லினக்ஸும் அவ்வழியையே பின்பற்றியது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் அதனை எழுதத் தொடங்கியபோது, பேராசிரியர் அன்ட்றூ தனென்பாம் கற்பித்தலுக்காக ஆக்கிய மினிக்ஸ் முறைமையின் கோப்புமுறையைக் கைக்கொண்டார். அதில் வட்டின் பேரளவு 64 மெகாபைற். பெயரின் நீளம் 14 எழுத்து. இக்குறுக்கம் விரைவில் உணரப்பட்டது. புதிய முறைகளைச் சேர்த்தற்கு இடமளிக்கும் பொது இடைமுகம் கருவினுள் அமைக்கப்பட்டபின், றெமி கார்ட் என்பார் ஆக்கிய ஈ.எக்ஸ்.ரி. முறை 1992இலும், அதன் இரண்டாம் வடிவம் 1993இலும் வெளிவந்தன. ஈ.எக்ஸ்.ரி.4 உறுதிப்பட்ட வடிவில் 2008ஆம் ஆண்டின் இறுதியிற் கருவிற் சேர்ந்தது.

அப்பொது இடைமுகத்தை வி.எவ்.எஸ். என்று சுருக்கி அழைப்பர். அதில் நான்கு பொருள்கள் தலையாயவை. அவற்றைப் பாடசாலை இடாப்புகளோடு ஒப்பிட்டு நோக்கின் விளக்கம் எளிதாகும்.

முதலாவது, முதன்மைக் கட்டம். முழு வட்டைப்பற்றிய பொதுவிவரம் இங்குளது. கட்டத்தின் அளவு யாது, மொத்தம் எத்தனை, வெறுமையாயுள்ளவை எத்தனை என்பன போல்வன. இஃது இடாப்பின் முதற்பக்கத்தை ஒக்கும்.

இரண்டாவது, ஐநோட் எனப்படும் கோப்புக் குறிப்பு. கோப்பின் அளவு, உரிமை, காலம், அது தங்கியுள்ள கட்டங்கள் என்பவற்றை இது கூறும். ஆயின் கோப்பின் பெயர் இதில் இல்லை. சேர்வு இடாப்பில் ஒரு மாணவன் தன் சேர்விலக்கத்தால் அறியப்படுதல் போல, கோப்பும் இங்கே இலக்கத்தாலேயே அறியப்படும்.

மூன்றாவது, பெயர்ப் பதிவு. "இப்பெயர் இவ்விலக்கத்திற்குரியது" என்று இணைப்பது இதுவே. ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயரும் பாடசாலையில் ஒரு பெயரும் இருத்தல் போல, ஒரே கோப்பிற்கு இரு பெயர் இருத்தலும் இதனாற் கூடும்.

நான்காவது, திறந்த கோப்பு. ஒரு நிரல் கோப்பைத் திறந்து, எவ்விடம்வரை வாசித்துள்ளது என்பதை நினைவிற் கொள்வது இது.

புதிய கோப்புமுறையொன்றை எழுதுபவர், "வட்டின் முதன்மைக் கட்டத்தை வாசிப்பது எங்ஙனம்? இலக்கந் தந்தாற் குறிப்பைத் தேடுவது எங்ஙனம்? பெயர் தந்தால் இலக்கத்தைக் காண்பது எங்ஙனம்?" என்னும் இவைபோன்ற வினாக்களுக்குத் தம் முறைக்கேற்ற விடைகளை எழுதிக் கொடுத்தாற் போதும். மேலேயுள்ள எழுத்துச் செயலியோ படங்காட்டும் நிரலோ ஒரு வரியும் மாறவேண்டுவதில்லை. உடன்படிக்கை நிலைபெற்றிருத்தலாலேயே புதியவர் உள்ளே வர இயலுகின்றது.

3. கருவைக் கலையாது கூறு சேர்த்தல்

உடன்படிக்கை உண்டெனினும் மற்றொரு தடை இருந்தது. தொடக்ககாலத்தில் கருவில் ஒரு சிறு பகுதியைச் சேர்ப்பதற்கும் அதன் மூலநிரலை மீளத் தொகுத்து, புதிய கருவை நிறுவி, கணினியை நிறுத்தி மீள இயக்கவேண்டியிருந்தது. லினக்ஸின் மூலநிரல் 2025ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 4 கோடி வரிகளாக வளர்ந்துவிட்டது. அதில் எல்லாவற்றையும் ஒருவர் தொகுப்பதில்லையாயினும், பழைய கணினியொன்றில் அவ்வேலை பல மணிநேரத்தை விழுங்கிவிடும். அதன்பின் யாதேனும் பிழை நேரின் கணினி எழாமலும் போகலாம்.

இதற்கு மாற்றாக 1995ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 1.2 பதிப்பு முதலாக இணைகூறு என்னும் வழி நிலைபெற்றது. ஆங்கில வழக்கில் இதனை மொடியூல் என்பர். கருவின் ஒரு பகுதியை மட்டும் தனியே தொகுத்து, வட்டில் ஒரு சிறு கோப்பாக வைத்து, வேண்டும்போது ஓடுங் கருவோடு பொருத்தி, வேண்டாதபோது கழற்றலாம்.

வன்னி மக்களுக்கு இதனைக் குளத்தைக் கொண்டு விளக்குதல் தகும். இரணைமடு போன்ற பெருங்குளத்தின் கீழ்ப் புதிய வயல்களுக்கு நீர் பாய்ச்ச விரும்பும் ஒருவன் குளக்கட்டை வெட்டித் திறப்பதில்லை. கட்டிலே முன்னரே அமைக்கப்பட்ட துருசின் வழியாக நீரைப் பெற்று, புதிய வாய்க்காலை அதனோடு இணைக்கின்றான். குளமும் கட்டும் இருந்தபடியே இருக்கின்றன. வி.எவ்.எஸ். இடைமுகம் துருசு, இணைகூறு புதிய வாய்க்கால்.

எனினும் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அவ்விடத்தை மாணாக்கர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். வாய்க்கால் உடையின் ஒரு வயல் மூழ்கும்; அவ்வளவே. இணைகூறோ கருவினுள்ளே, கருவிற்குரிய முழு அதிகாரத்தோடும் இயங்குகின்றது. அதிலுள்ள ஒரு பிழை முழுக் கணினியையும் உறையச் செய்யலாம். வட்டிலுள்ள ஏனைய கோப்புகளையுங் கெடுக்கலாம். ஆகவே இணைகூறு கட்டிலேயே பதிக்கப்படும் கல்லையும் ஒக்கும். யாரிடமிருந்து பெற்றோம், எதற்கென ஆக்கப்பட்டது என்பதை அறியாமல் அதனைப் பதித்தல் ஆகாது.

கோப்பு முறைமைக்குரிய இணைகூறு கருவோடு பொருந்தியவுடன் முதலிற் செய்வது தன் பெயரைப் பதிதலாகும். "எக்ஸ்-எவ்.ஏ.ரி. எனப் பெயரிய முறையை நான் அறிவேன், அவ்வகை வட்டு வரின் என்னிடம் தருக" என்று கருவின் பட்டியலில் அறிவிக்கின்றது. கழற்றப்படும்போது தன் பெயரை நீக்கிக்கொள்கின்றது. வட்டொன்று ஏற்றப்பட்டிருக்கும் வரையில் அதன் இணைகூறைக் கழற்றக் கரு இடந்தராது. எத்தனை பேர் அதனைப் பயன்படுத்துகின்றனர் என்னும் எண்ணிக்கையைக் கரு காத்துவருகின்றது.

4. செய்முறை

வாசிக்க இயலாத வட்டொன்று கைக்கு வந்தால் ஒழுங்காகச் செய்யவேண்டியவை வருமாறு.

முதலாவதாக, வடிவமைக்கவா என்னும் வினாவிற்கு "இல்லை" என்றே விடை தருக. ஏனையவை யாவும் இதன் பின்னரே.

இரண்டாவதாக, வட்டின் வகையை அறிக. பெரும்பாலான கோப்பு முறைமைகள் தொடக்கக் கட்டங்களில் தமக்குரிய அடையாளக் குறியொன்றை எழுதிவைத்துள்ளன. அக்குறியைப் பார்த்து வகையின் பெயரைக் கூறும் கட்டளைகள் லினக்ஸில் உள்ளன. கருவிற்குத் தெரியாத வகையையும் இவை பெயர் சொல்லிக் காட்டும். ஏனெனில் பெயரை அறிதல் வேறு, வாசிக்க அறிதல் வேறு.

மூன்றாவதாக, கரு தற்போது எவ்வெம் முறைகளை அறிந்துள்ளது என்பதைப் பார்க்க. புறொக் என்னும் அடைவினுள் கோப்பு முறைமைகளின் பட்டியல் ஒன்றுளது. அதில் வேண்டிய பெயர் இல்லையாயினும் மனந்தளரவேண்டா. கரு ஆக்கப்பட்டபோது ஒவ்வொரு முறைக்கும் மூன்று நிலைகளுள் ஒன்று தெரிவு செய்யப்பட்டிருக்கும்: கருவினுள்ளேயே சேர்த்தல், இணைகூறாக ஆக்கி வைத்தல், முற்றும் விடுத்தல். இரண்டாம் நிலையிலிருப்பின், வாய்க்கால் வெட்டப்பட்டு ஆயத்தமாயுள்ளது, திறந்துவிடுதலே எஞ்சியது. மொட்புறோப் என்னும் கட்டளை அதனைச் செய்யும். ஒரு கூறு பிறிதொரு கூறை வேண்டிநிற்பின் அதனையும் தேடி முன்னரே பொருத்துதல் இக்கட்டளையின் சிறப்பு. உண்மையில், வட்டை ஏற்றுமாறு கேட்டவுடன் கருவே இக்கட்டளையைத் தானாக அழைப்பதும் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பொஸ் லினக்ஸுக்கு அடிப்படையாயமைந்த டெபியன் போன்ற தொகுப்புகள், பல கோப்பு முறைமைகளை இவ்வாறு இணைகூறுகளாகவே தந்துள்ளன.

நான்காவதாக, மூன்றாம் நிலையாயின், அஃதாவது கூறே இல்லையாயின், அப்பகுதியை மட்டும் தொகுத்தல் வேண்டும். முழு மூலநிரலும் வேண்டுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கருவிற்குரிய தலைப்புக் கோப்புகளையும், அக்கூறின் மூலநிரலையும் பெற்று, அந்த ஓர் அடைவை மட்டும் தொகுக்குமாறு கட்டளையிடலாம். முழுக் கருவிற்குப் பல மணிநேரம் எடுக்கும் அதே பழைய கணினியிலும் இவ்வேலை சில நிமிடங்களில் முடிவுறும்.

ஐந்தாவதாக, வாசிப்பதற்கு மட்டும் என்னும் நிபந்தனையோடு வட்டை ஏற்றுக. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஈ.எக்ஸ்.ரி.4 போன்ற முறைகள், செய்யவிருக்கும் மாற்றங்களை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிப் பின்னரே உரிய இடத்திற் பதிவன. திடீரென மின்தடைப்பட்ட வட்டில் அந்நாட்குறிப்பு முடிவுறாதிருக்கும். வாசிப்பதற்கு மட்டும் என்று ஏற்றினாலும், கரு அந்நாட்குறிப்பை நிறைவேற்றும்பொருட்டு வட்டில் எழுதக்கூடும். அரிய வட்டாயின் நாட்குறிப்பை விடுத்து ஏற்றும் தெரிவைக் கொடுத்தல் நன்று. அதனினும் நன்று, வட்டிலுள்ள கட்டங்கள் யாவற்றையும் ஒரே பெருங்கோப்பாகப் படியெடுத்து, மூலத்தைப் பேழையில் வைத்துவிட்டு, படியை மட்டும் ஏற்றி ஆராய்தல்.

5. ஒவ்வாமைக்குரிய காரணங்கள்

இணைகூறு எப்போதும் எளிதாகப் பொருந்திவிடும் என்று எண்ணற்க. ஒவ்வொரு கூறிலும், எந்தப் பதிப்பின் கருவிற்காக எவ்வகை அமைப்போடு ஆக்கப்பட்டது என்னும் முத்திரைத்தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். ஓடும் கருவோடு அது பொருந்தாதாயின் கரு கூறை மறுத்துவிடும். இம்மறுப்பைச் சிலர் தொல்லையெனக் கருதுவர், அது காவலேயாம். கருவின் உள்ளமைப்புப் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. பழைய அளவில் வெட்டிய பலகையைப் புதிய துருசில் வலிந்து இறுக்கினால் உடைவது துருசே.

இதனாற் கருவைப் புதுப்பிக்குந்தோறும் வெளியிலிருந்து பெற்ற கூறையும் மீளத் தொகுத்தல் வேண்டும். இவ்வேலையைத் தானாகச் செய்துகொள்ளும் டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாட்டை டெல் நிறுவனத்தார் 2003இல் ஆக்கினர். புதிய கரு நிறுவப்பட்டவுடன் அது கூறின் மூலநிரலை எடுத்து அக்கருவிற்கேற்பத் தொகுத்து வைக்கும்.

அன்றியும், பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாடுள்ள கணினிகளில், நம்பத்தக்க ஒப்பமில்லாத கூறுகளைக் கரு ஏற்காதிருத்தல் உண்டு. கருவோடு சேர்ந்து வராத கூறு பொருத்தப்படின், கரு தன்னைக் "கறைபட்டது" எனக் குறித்தும் கொள்ளும். பின்னர்ப் பிழை நேரின், ஆராய்வோர் எங்கே ஐயுறவேண்டுமென்பதை அக்குறிப்பு உணர்த்தும்.

இன்னொரு புதிர், மாணாக்கர்க்கு இன்பந் தருவது. கணினி எந்த வட்டிலிருந்து எழவேண்டுமோ, அந்த வட்டை வாசிக்கும் இணைகூறும் அதே வட்டினுள் இருப்பின் யாது செய்வது? திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியவன் நிலையே கருவிற்கும் நேரும். இதனைத் தீர்க்க, தொடக்கத்திற்கு வேண்டிய சில கூறுகளை மட்டும் கொண்ட சிறு மூட்டையொன்றைக் கருவோடு கூடவே நினைவகத்தில் ஏற்றுவர். கரு அம்மூட்டையை அவிழ்த்து, கூறைப் பொருத்தி, அதன்பின்னரே பெரிய வட்டைத் திறக்கின்றது.

6. தமிழ்ப் பெயர்களும் கோப்பு முறைமையும்

தமிழிற் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் அறியவேண்டியதொரு செய்தியும் இங்குளது. யுனிகோட்டின் யூ.ரி.எவ்.-8 முறையில் ஆங்கில எழுத்தொன்று 1 பைற்றிலும், தமிழ்க் குறியொன்று 3 பைற்றிலும் எழுதப்படுகின்றது. உயிர்மெய்யின் மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் தனித்தனியே கணக்குண்டு. இதன்படி "வவுனியா" என்பது 7 குறிகளாலாகி 21 பைற்றையும், "கிளிநொச்சி" 10 குறிகளாலாகி 30 பைற்றையும், "முல்லைத்தீவு" 12 குறிகளாலாகி 36 பைற்றையும் கொள்ளும். பழைய மினிக்ஸ் முறையின் 14 பைற்றில் நம் மூன்று மாவட்டத் தலைநகர்களுள் ஒன்றன் பெயரேனும் அடங்காது. ஈ.எக்ஸ்.ரி.4 முறை 255 பைற்றுக்கு இடந்தருகின்றது. அஃதாவது 85 தமிழ்க் குறிகள். எக்ஸ்-எவ்.ஏ.ரி. முறையோ பெயரை வேறுவகையாக எண்ணி 255 குறிகளுக்கு இடந்தருவது. ஆதலின் நினைவட்டையிலுள்ள நெடிய தமிழ்ப் பெயருடைய கோப்பொன்று லினக்ஸ் வட்டிற்குப் படியெடுக்கப்படும்போது, "பெயர் மிக நீண்டது" என்று மறுக்கப்படலாம். பெயரைச் சுருக்கினால் அது செல்லும்.

எவ்.ஏ.ரி. வகைப் பேனா வட்டில் தமிழ்ப் பெயர்கள் யாவும் வினாக்குறிகளாகத் தோன்றுவதும் உண்டு. வட்டு பழுதடைந்துவிட்டதெனச் சிலர் அஞ்சுவர். எழுத்துருக்களை மாற்றித் தரும் கூறுகள் வேறாக உள்ளன. தமிழை அறியாத எழுத்து அட்டவணையைக் கொண்டு வட்டு ஏற்றப்பட்டிருத்தலே இதற்குக் காரணம். யூ.ரி.எவ்.-8 என்னுந் தெரிவைக் கொடுத்து மீள ஏற்றின், பெயர்கள் தமிழிலே தோன்றும்.

"கிளிநொச்சி" என்னும் சொல்லின் "நொ" என்னும் எழுத்தை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஈ.எக்ஸ்.ரி.4 இவற்றை இருவேறு பெயர்களாகக் கொள்ளும். ஒரே அடைவில் ஒரே பெயர் இருமுறை தோன்றுவதாகக் கண்டு மயங்குவோர் இதனை நினைவுகூர்க.

7. கருவிற்கு வெளியே ஒரு வழி

பிழையுள்ள கூறு முழுக் கணினியையும் வீழ்த்தும் என்று மேலே கூறினோம். அவ்விடரைத் தவிர்க்க விரும்புவோர்க்கு 2005ஆம் ஆண்டில் லினக்ஸ் 2.6.14 பதிப்போடு பியூஸ் என்னும் வழி திறந்தது. இதில் சிறியதொரு கூறு மட்டுமே கருவினுள் இருக்கும். வட்டின் ஒழுங்கை அறிந்த நிரல், சாதாரண நிரலாகவே வெளியில் ஓடும். கருவிற்கு வரும் வினாக்கள் வெளியேயுள்ள நிரலுக்கு அனுப்பப்பட்டு, விடைகள் திரும்பிவரும். நிரல் வீழ்ந்தாலும் கரு நிற்கும். கருவின் பதிப்பு மாறினும் நிரல் பெரும்பாலும் மாறவேண்டுவதில்லை. வினாவும் விடையும் எல்லையைக் கடந்து சென்று மீள்வதால் வேகங் குறைதலே இதன் குறை. விண்டோஸ் வட்டுகளை லினக்ஸில் வாசிக்கவும் எழுதவும் உதவிய என்.ரி.எவ்.எஸ்.-3ஜி என்னும் நிரல் இவ்வகையது. அதன் முதல் உறுதிப் பதிப்பு 2007இல் வெளிவந்தது. பழைய வட்டொன்றிலிருந்து படங்களை மீட்பதே நோக்கமாயின் வேகத்தினும் பாதுகாப்பே பெரிது. ஆதலின் இவ்வழியும் போற்றத்தக்கது.

8. நடந்தவற்றாற் பெறும் பாடம்

ஒரு கோப்புமுறை கருவிற் சேர்வதும் சேராதிருப்பதும் நுட்பத்தால் மட்டும் முடிவாவதில்லை. எக்ஸ்-எவ்.ஏ.ரி. முறையை மைக்கிறோசொவ்ற் நிறுவனம் 2006இல் அறிமுகஞ் செய்தது. அதற்குரிய காப்புரிமைகள் அந்நிறுவனத்திடம் இருந்தமையால் லினக்ஸ் கரு அதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. 2019 ஓகஸ்ற்றில் அந்நிறுவனமே அம்முறையின் விவரத்தை வெளியிட்டது. அவ்வாண்டின் 5.4 பதிப்பில் முன்னோடி வடிவமும், 2020இன் 5.7 பதிப்பில் சம்சுங் நிறுவனத்தார் அளித்த திருந்திய வடிவமும் சேர்ந்தன. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் பெரிய நினைவட்டைகளைக் கையாண்ட லினக்ஸ் பயனர் பலர், வெளியிலிருந்து பெற்ற கூறையோ பியூஸ் நிரலையோ நம்பியிருந்தனர். இன்றும் பழைய கருவோடு இயங்கும் கணினிகளில் அந்நிலையே.

சன் நிறுவனத்தார் ஆக்கிய இசட்.எவ்.எஸ். மிக வலிய முறையெனினும், அதன் உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒன்றோடொன்று இசையாமையால் கருவின் மூலநிரலிற் சேராது தனிக்கூறாகவே வழங்கிவருகின்றது. உபுண்டு தொகுப்பு 2016இல் அதனைத் தன்னோடு சேர்த்துத் தரத் தொடங்கியது. பிகாஷ்-எவ்.எஸ். என்னும் புதுமுறை 2024இல் 6.7 பதிப்பிற் கருவினுள் வந்து, ஆக்கியோனுக்கும் கருவைக் காப்போருக்கும் இடையே எழுந்த பிணக்குகளின் பின் 2025இல் வெளியேற்றப்பட்டது. அதனைக் கையாண்டோர் தம் வட்டுகளை இழந்தாரல்லர், டி.கே.எம்.எஸ். வழியாகத் தனிக்கூறைப் பெற்றனர். மன்றத்தார் ஒருவரை வெளியேற்றிய பின்னும் அவர்தம் வயலுக்கு நீர் செல்ல வாய்க்கால் இருந்தமையே இணைகூறு முறையின் பெருமை.

ஆயினும் இவற்றுள் நம்மை மிகவும் எச்சரிப்பது றைசர் என்னும் முறையின் வரலாறு. 2001ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கருவோடு வந்த அம்முறை, பேணுவோர் அருகியமையால் 2025இன் தொடக்கத்தில் வெளிவந்த 6.13 பதிப்பில் நீக்கப்பட்டது. 2000களில் அம்முறையில் வடிவமைத்த வன்றட்டொன்று எவர் வீட்டிலேனும் இருப்பின், புதிய கருவை மட்டும் கொண்டவர்க்கு அது வாசிக்க இயலாத வட்டேயாகும். கருவும் மறக்கும். கற்பித்தது போலவே மறக்கவும் செய்யும்.

9. மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும்

நம் மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவிற் பேணும் பணியை 2005ஆம் ஆண்டு முதலாக நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஆற்றிவருகின்றனர். அத்தகைய பணிகளுக்கு ஏடுகள் மட்டுமன்றி வட்டுகளும் வந்துசேருங் காலமிது. ஏட்டை வாசிக்கக் கண்ணும் மொழியும் போதும்; வட்டை வாசிக்க அதனை அறிந்த கருவும் வேண்டும். ஆகவே பழைய வட்டுகளை வைத்திருப்போர், அவற்றை வாசிக்கவல்ல கூறுகள் கிடைக்கும் இக்காலத்திலேயே படியெடுத்து, பரவலாக வழங்கும் முறையொன்றில் எழுதி வைத்தல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைகளுக்குப் புதிய கணினிகளை அளிப்பதை யாவரும் அறிவோம். அவற்றோடு, கழிக்கப்படவிருக்கும் பழைய கணினிகளுள் ஒன்றையேனும் காத்து, பழைய லினக்ஸ் தொகுப்பொன்றை அதில் நிறுவி, மறைந்துவரும் வட்டு வகைகளை வாசிக்கும் இடமாக ஒவ்வொரு பாடசாலைக் கணினிக் கூடத்திலும் அமைப்பாராயின், செலவு சிறிதாயினும் பயன் பெரிதாகும். ஊரவர் தம் நினைவட்டைகளோடு நாடிவரத்தக்க இடமொன்று அவ்வூரிலேயே உண்டாகும். அங்கே வினவுவார்க்கு விடைசொல்ல மாணாக்கரும் பழகுவர்.

உயர்தர வகுப்பிலே தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணாக்கர் கோப்பு முறைமைகளைப்பற்றிப் பாடநூலில் வாசிக்கின்றனர். வாசித்ததோடு அமையாது, பயனற்றதென ஒதுக்கிய பேனா வட்டொன்றை எடுத்து, அதனைப் பலமுறைகளில் வடிவமைத்து, கூறைப் பொருத்தியும் கழற்றியும், கரு தன் குறிப்பேட்டில் எழுதுவதை வரிவரியாகப் படித்தும் பழகுவாராக. மேற்கல்வியை நாடுவோர்க்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் உளது. அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021 ஓகஸ்ற்றில் தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் அண்மையிலேயே உளது. லினக்ஸ் கருவின் மூலநிரலோ எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்கதாய் விரிந்து கிடக்கின்றது. அதில் மினிக்ஸ் கோப்புமுறைக்குரிய பகுதி சிறியது. ஒரு விடுமுறைக்குள் வாசித்து விளங்கத்தக்கது. அதிலிருந்து தொடங்குதல் நன்று.

வாசிக்க இயலாத வட்டைக் கண்டவிடத்து, "இது வெறுமை" என்று முடிவுகட்டுவது எளிது, "இதன் ஒழுங்கு யாது?" என்று வினவுவதே கல்வி. அவ்வினாவை எழுப்பும் மாணாக்கர் நம் கல்லூரியிலிருந்து தொடர்ந்து தோன்றுவாராக.